யூதர் பள்ளியும் நம் பெண்மக்களும்

 

“யூதரால் முஸ்லிமுக்கு ஒரு நன்மையேனும் உண்டா?” என்று மேடைதோறும் முழங்குவோர் கொல்கத்தாவைச் சற்றே நோக்கட்டும். அங்குக் குடியேறிய பாக்தாதி யூதர்கள் 1881இல் தம் பெண்மக்களுக்காக ஒரு பள்ளியை நிறுவினர். 1947க்குப் பின் அச்சமூகத்தார் பல நாடுகளுக்கும் குடிபெயர்ந்தனர்; இன்று அந்நகரில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே எஞ்சியுள்ளனர். பள்ளியில் யூத மாணவியரே இல்லை என்ற நிலை வந்தது. ஆயினும் அவர்கள் கதவைச் சாத்தவில்லை. இன்று அங்குப் பயில்வோரில் பெரும்பாலோர் முஸ்லிம் வீட்டுப் பெண்மக்கள்! 1884இல் எழுந்த மாகென் டேவிட் உள்ளிட்ட அவர்களின் ஆலயங்களைத் தலைமுறைகளாகப் பராமரித்து வருவோரும் முஸ்லிம்களே.

பாலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியை மறக்குமாறு நாம் கூறவில்லை. அநீதியை அநீதி என்றே உரைப்போம். ஆனால், ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமை நம்மை நீதி தவறச் செய்துவிடலாகாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் நமக்கிட்ட கட்டளையன்றோ? நன்மை செய்தவரின் நன்மையை மறைப்பதும் அநீதியே.

இனி நம்மை நாமே கேட்போம். முன்னோர் வக்ஃபு செய்த சொத்துகள் அற்ப வாடகையில் முடங்கிக் கிடக்கின்றன. பள்ளிவாசலுக்குப் பளிங்கு பதிக்கப் பணமுண்டு. பெண்மக்களுக்கு ஒரு வகுப்பறை கட்ட மட்டும் இல்லையாம்! தம் பிள்ளைகள் இல்லாதபோதும் பிறர் பிள்ளைகளுக்காக அவர்கள் பள்ளியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நாமோ நம் பிள்ளைகளுக்கே திறக்கவில்லை.

அல்லாஹ் நமக்கு நல்லுணர்வை அருள்வானாக. ஆமீன்.