மடியில் பிள்ளை, எதிரில் ஏர்பேக்

நாடுகாணி செக்போஸ்ட் பக்கம் நின்று வழிக்கடவுக்கு இறங்கும் கார்களைக் கவனித்துப் பாருங்கள். முன்சீட்டில் அம்மா மடியிலோ பாட்டி மடியிலோ ஒரு குழந்தை ஜன்னலைத் தட்டிக்கொண்டு போகும். கேட்டால் ஒரே பதில்தான்: "பின்னாடி உட்கார வச்சா வளைவுல வாந்தி எடுக்குதுங்க."

வாந்தியைத் துடைத்துவிடலாம். இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினால் அதுவும் வராது.

2024 செப்டம்பரில், நமக்குப் பக்கத்து மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் அருகே ஒரு கார் டேங்கர் லாரியில் மோதியது. தாயின் மடியில் முன்சீட்டில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை, விரிந்த ஏர்பேக் முகத்தில் அழுந்தி இறந்தது. 2025 ஜூலையில் திருப்போரூர் அருகே ஆலத்தூரில் தந்தை மடியில் இருந்த ஏழு வயதுச் சிறுவன் அதேபோல் போனான். உயிர் காக்க வைத்த பொருள்தான் இரண்டு இடத்திலும் உயிரை எடுத்தது.

ஏர்பேக் ஏதோ பஞ்சுத் தலையணை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அது ஒரு சின்ன வெடிப்பு. வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விரிந்துவிடும். பெல்ட் போட்டு, சாய்ந்து உட்கார்ந்த பெரியவரின் நெஞ்சுக்காக அளவெடுத்தது. மடியில் இருக்கும் பிள்ளையின் தலையோ டேஷ்போர்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. பை சீறிப் பாயும் அந்த முதல் வேகம் முழுவதும் அந்தத் தலைக்குத்தான்.

இதைச் சொன்னதும், "அப்ப ஏர்பேக்கை ஆஃப் பண்ணிட்டு மடியில வச்சுக்கலாமே" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். என் உறவினர் ஒருவருக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில், பியூஸைப் பிடுங்கிவிடுகிறேன் என்று யோசனையே சொன்னார்கள். அப்படிப் பிடுங்கினால் ஓட்டுபவரின் ஏர்பேக்கும் சேர்ந்தே செத்துப்போகலாம். அது கிடக்கட்டும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பத்து கிலோ குழந்தை கையில் இருநூறு, முன்னூறு கிலோவாக இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. பை இல்லாவிட்டால் டேஷ்போர்டு இருக்கிறது. பின்னாலிருந்து நம் உடம்பே வந்து நசுக்கும்.

அணைக்க வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டுதான். கைக்குழந்தையைப் பின்பக்கம் பார்க்க வைத்துப் பூட்டும் இருக்கையை முன்னால்தான் வைத்தாக வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் அணைக்கத்தான் வேண்டும். பின்சீட்டே இல்லாத பிக்கப் வண்டிகள் நம் எஸ்டேட்டுகளில் நிறைய. சாவி போட்டுத் திருப்பும் சுவிட்ச் டேஷ்போர்டின் ஓரத்தில், கதவைத் திறந்தால் தெரியும். சில வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குள். திருப்பியபின் "ஆஃப்" விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். சுவிட்ச் இல்லாத கார்களே நம் நாட்டில் ஏராளம். அதில் குழந்தை இருக்கையை முன்னால் வைக்கவே கூடாது. வெயில் மறைப்புப் பலகையில் இதற்கான எச்சரிக்கைப் படம் ஒட்டியிருக்கிறது. அதன்மேல் நாம் சாமி படம் ஒட்டிவிடுகிறோம்!

பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் 14 வயதுக்குக் குறைந்தவரை ஏற்றினால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. யார் பிடித்தார்கள்? மலப்புரம் விபத்துக்குப் பின் கேரளப் போக்குவரத்து ஆணையர் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்தார். சில நாளிலேயே அமைச்சர் வேண்டாம் என்றார். தமிழ்நாட்டில் அந்த அளவுக்குப் பேச்சுகூட எழவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று. ஏர்பேக் பயத்தால் நமக்காக அதை அணைக்கச் சொல்லாதீர்கள். பெல்ட் போட்டு, சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, நெஞ்சுக்கும் டேஷ்போர்டுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு உட்கார்ந்தால் போதும். மருத்துவரே வேண்டாம் என்றால் அது வேறு. பேரப்பிள்ளைக்காக அணைத்த சுவிட்சைத் திரும்பப் போட மகன்கள் மறந்துவிடுகிறார்கள். குழந்தை இறங்கியதும் அந்த சீட்டில் ஏறுவது பெரும்பாலும் நாம்தான். அந்த விளக்கைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.