கோச்சியில கார்ட் எதுக்கு?



கோச்சியில் கார்ட் எதற்கு என்று கேட்டால், பச்சைக் கொடி காட்டவும் விசில் ஊதவும் என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அவ்வளவுதான் வேலை என்றால் அதற்கு ஒரு மனிதன் தேவையில்லை, ஒரு பொத்தான் போதும்.

உண்மையில் கோச்சியை ஓட்டுவது சாரதி. பயணத்துக்குப் பொறுப்பு கார்ட். சாரதிக்கு முன்னால் உள்ள பாதைதான் தெரியும். எல்லோரும் ஏறி முடிந்ததா, கடைசிப் பெட்டி வரை சரியாக வருகிறதா என்று பார்ப்பவர் பின்னால் நிற்கும் கார்ட். ஆபத்து என்றால் அங்கிருந்தே பிரேக் போடவும் அவரால் முடியும்.

இந்த வேலை உலகம் முழுக்க மாறுகிறது. பிரிட்டனில் 1980களிலேயே சில பாதைகளில் கார்ட் இல்லாமல் சாரதி மட்டும் ஓட்டும் பயணிகள் ரயில் வந்துவிட்டது. 2016இல் இதே பிரச்சினைக்காக அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. இந்தியாவில் 2022இல் கார்ட் என்ற பதவிப் பெயரையே ‘ட்ரெயின் மேனேஜர்’ என்று மாற்றினார்கள்.

நஷ்டத்தில் ஓடும் திணைக்களத்தில் ஆளைக் குறைத்தால் என்ன என்று இங்கேயும் ஒருநாள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் நமது பாதையைக் கொஞ்சம் யோசியுங்கள். கல்லோயாவில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா என்று வரும் ஒற்றைப் பாதை. இடையில் காடு, யானை. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்புக் கோச்சி யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். நமது பெட்டிகளின் கதவுகளும் தானாக மூடுபவை அல்ல. மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

இரவுக் கோச்சியில் மஹரகமைக்கு மருந்துக்குப் போகும் நோயாளி இருப்பார், கைக்குழந்தையோடு தாய் இருப்பார், கெம்பஸ் பிள்ளைகள் இருப்பார்கள். நடுக்காட்டில் கோச்சி நின்றால் என்ன நடந்தது, இறங்கலாமா, எவ்வளவு நேரமாகும் என்று யார் சொல்வது? எந்த மொழியில் சொல்வது? அதை எந்தக் கருவியும் செய்யாது.

ஆகவே என் கருத்து இதுதான். விளக்கையும் சைகையையும் கருவி பார்க்கட்டும். மிச்சமாகும் நேரத்தைக் கார்ட் பயணிகளுக்குத் தரட்டும். பெட்டிகளுக்குள் வந்து போகட்டும், முதலுதவி தெரிந்திருக்கட்டும், நமது பாதையில் வேலை செய்பவர் தமிழிலும் நாலு வார்த்தை சொல்லட்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழிதான். இது சலுகை கேட்பதல்ல.

நமக்கும் கடமை உண்டு. விசில் ஊதிய பிறகு ஓடி ஏறாதீர்கள். கார்ட் எந்தப் பெட்டியில் இருக்கிறார் என்று பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்.

திணைக்களத்துக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் எழுத யோசிக்கிறேன். கையெழுத்திட விருப்பமானவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாக எழுதுங்கள்.