மரத்துப் போனதைச் சொல்ல வெட்கம் ஏன்?

சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் நைலான் இழையை வைத்து அழுத்தி, "தெரியுதா, தெரியலையா?" என்று டாக்டர்கள் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி இழையால் மார்பகத்தின் தொடு உணர்வையும் அளக்கலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த உணர்வு எல்லாருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. வயது ஏற ஏறக் குறையும். பெரிய மார்பகத்தில் சற்றுக் குறைவாகவே இருக்கும். விலா எலும்புகளுக்கு இடையே வரும் நரம்புகள்தான் உணர்வைத் தருகின்றன. ஆபரேஷனில் அவை அறுபட்டால், அந்த இடம் மரத்துப் போகும்.

என் அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்தபோது இதை யாருமே சொல்லவில்லை. தோள்வலிக்கு வெந்நீர்ப் பை வைத்தவருக்கு, சூடு உறைக்காமல் மார்பில் கொப்புளம் கிளம்பிவிட்டது. "இதைப் போய் டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று பத்து நாள் மறைத்தார், பாவம்!

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் உணர்வை அளந்து பார்த்து, "இந்த இடம் மரத்துப் போகலாம், சூடு வைக்காதீங்க" என்று டாக்டர்களே சொல்லிவிட்டால் எவ்வளவு நல்லது!

1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவர் ஊர்க்காரர்களான நாம் வெட்கப்படலாமா? மரத்துப் போனாலும், புதிதாக வலித்தாலும், வலியே இல்லாத கட்டி தென்பட்டாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள் சகோதரிகளே!

— ஒரு வாசகி, கந்தர்வக்கோட்டை.