பள்ளிக்குள் ஒரு செவிலியர் அறை

ஆசிரியர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் பெற்றோருமாகச் சேர்ந்து இவ்வியக்கத்தைத் தொடங்குகிறோம். கருத்தடை பற்றிய அறிவும் ஆலோசனையும் தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பள்ளியிலேயே கிடைக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. அந்தப் பக்கம் வந்ததும், “இதை வீட்டில் படிச்சுக்குங்க” என்று தாண்டிவிடும் வகுப்பறைகள் பல. வீட்டிலோ அதைப் பேச ஆளில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்போது தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் ஆறு பேர் தாயாகியோ கருவுற்றோ இருந்தார்கள். தாலி ஏறிய கழுத்து என்பதால் அந்த இளம் உடலுக்கு ஆபத்து குறைந்துவிடாது.

வளரிளம் பருவத்தினருக்கான தேசிய நலத்திட்டத்தை மத்திய அரசு 2014இல் தொடங்கியது. அதன் ஆலோசனை மையங்கள் மருத்துவமனைகளில், பெரும்பாலும் பள்ளி நேரத்தில் நடக்கின்றன. ஆலோசனை தேடி வரும் பெண்ணுக்குப் புறநோயாளி வரிசையில் பக்கத்தில் நிற்பவர் எதிர்வீட்டு அக்காவாக இருப்பார். “உனக்கென்னடி இங்க வேலை?” என்று அவர் கேட்டால் போதும், அந்தப் பெண் திரும்பிவிடுவாள். இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு மாத்திரையும் நாப்கினும் பள்ளிக்கே வருகின்றன. ஆலோசனையும் வரட்டும். இளையோருக்கான கருத்தடைச் சேவை பள்ளிகளிலும் கிடைக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் அதே 2014இல் வழிகாட்டியது.

சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பெற்றோரின் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. நாங்களும் பிள்ளை பெற்றவர்களே. ஆனால் பாலியல் கல்வி பாலுறவைத் தூண்டுவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி காட்டுகிறது. வாயடைக்கப்பட்ட பிள்ளையிடம்தான் அத்துமீறுபவன் துணிகிறான்.

18 வயதுக்குட்பட்டோர் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். அந்தக் கடமையில் நாங்கள் தளரமாட்டோம். கருக்கலைப்பு நாடும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் காவல்துறைக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவள் பெயரைத் தர வேண்டியதில்லை என 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கரு உண்டாகுமுன் ஆலோசனைக்கு வருபவளின் பெயருக்கும் அதே காப்பு வேண்டும்.

ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் பயிற்சி பெற்ற செவிலியர், தாழிடக்கூடிய கதவுள்ள ஓர் அறை, ஆண் பிள்ளைகளுக்கும் அதே பாடம் எனக் கேட்கிறோம். கருவுற்ற மாணவிக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை எதிர்க்கிறோம். இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றக் கோரி, முதல் வேலையாக எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக்களிடம் செல்கிறோம்.