கலங்களின் மூப்பும் களிம்பு வியாபாரமும்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் விளம்பரப் பொய்கள் எனக்குப் புதியவையல்ல. ஆனால், முகப்பூச்சு விற்பவர்கள் 'கலப் புதுப்பிப்பு', 'மரபணுத் தூண்டல்' என்று விஞ்ஞானத்தின் மொழியில் பேசுவதை என்னால் சகிக்க முடியவில்லை. முன்பு அழகை விற்றார்கள். இப்போது விஞ்ஞானத்தின் நற்பெயரைச் சிறு குப்பிகளில் அடைத்து விற்கிறார்கள்.

கலங்கள் மூப்படைகின்றன என்பது உண்மையே. கோழிக் கருவின் இதயத்திலிருந்து எடுத்த கலங்களை அலெக்ஸிஸ் கரல் 1912 இல் வளர்க்கத் தொடங்கிய பின்னர், கலத்துக்கு இறப்பில்லை என்றே விஞ்ஞானிகள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். லியோனார்ட் ஹேஃபிளிக்கும் போல் மூர்ஹெட்டும் 1961 இல் அந்த நம்பிக்கையைத் தகர்த்தார்கள். மனித நாரரும்பர்க் கலங்கள் சுமார் 40 முதல் 60 தடவைகள் வரை பிரிந்து, பின்னர் ஓய்ந்துவிடுகின்றன. பிரிவுதோறும் நிறமூர்த்தங்களின் நுனியிலுள்ள டெலோமியர் குறுகுவது இதற்கு ஒரு காரணம். ஓய்ந்த கலம் சும்மா இருப்பதுமில்லை. தோலுக்கு உறுதி தரும் கொலாஜனைச் சிதைக்கும் நொதியங்களைச் சுரக்கிறது. சுருக்கத்துக்கும் கலத்துக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

இதுவரை விளம்பரகாரரோடு எனக்குச் சண்டையில்லை. 'ஆகவே எங்கள் களிம்பு கலத்தை இளமையாக்கும்' என்ற அடுத்த படியிலேதான் புரட்டு இருக்கிறது. ஓயாமல் பிரியும் கலத்துக்கு மருத்துவத்தில் வேறு பெயர் உண்டு: புற்றுநோய். அதுபோக, உடலின் அமைப்பையோ தொழிற்பாட்டையோ மாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் பொருள், அமெரிக்காவின் 1938 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அழகுசாதனமல்ல, மருந்து. மருந்தென்றால் பரிசோதித்து நிரூபிக்க வேண்டும். விளம்பரத்தில் மருந்தாகவும் சட்டத்தின் முன் வெறும் பூச்சாகவும் வேடம் போடுவதே இவர்களது சாமர்த்தியம். லொரியால் நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவு, தக்க ஆதாரமின்றி மரபணு பற்றிய இத்தகைய உரிமைகோரல்களைச் செய்வதில்லை என 2014 இல் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழுவுக்கு உடன்பட்டது. அங்கே வாய் அடைபட்டது. இங்கே யார் கேட்பது?

முகச் சுருக்கத்தின் பெரும்பகுதிக்கு வயதை விட வெயிலே காரணம். 28 ஆண்டுகள் லொறி ஓட்டிய 69 வயதுச் சாரதி ஒருவரின் படத்தை அமெரிக்க மருத்துவ சஞ்சிகை ஒன்று 2012 இல் வெளியிட்டது. யன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கிக் கிடந்தது. ஒரே மனிதர், ஒரே வயது! கண்ணாடியை ஊடுருவும் ஊதாக் கடந்த கதிர்களின் வேலை அது. நம்பாதவர்கள் தமது மேற்கையின் உட்புறத் தோலையும் முகத்தோலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வெயிற்சேதத்தை ஓரளவு குறைக்கும் டிரெட்டினோயின் என்ற பூச்சு இருப்பது மெய்தான். அது வைத்தியர் எழுதித்தர வேண்டிய மருந்து, கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மற்றவர்களுக்குக் குடை போதும். குடையில் கொள்ளை இலாபம் இல்லை என்பதால் அதற்கு முழுப்பக்க விளம்பரமும் இல்லை.

எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது வேறொன்று. நமது தோலின் கருநிறம் வெயிலுக்கு எதிரான இயற்கைக் காப்பு. அந்த நிறத்தை இழிவுபடுத்தி வெண்மைக் களிம்பு விற்றவர்களே, அடுத்த பக்கத்தில் மூப்பைத் தடுக்கும் களிம்பும் விற்கிறார்கள். தைத்துப் பிழைக்கும் பெண்ணின் கூலியில் இரண்டு தடவை கைவைக்கிறார்கள்.

பத்திரிகை ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மகளிர் பக்கத்தில் 'ஆரோக்கியக் குறிப்பு' என்ற பெயரில் வெளிவரும் காசு வாங்கிய கட்டுரைகளின் தலையில், வாசகரின் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், 'விளம்பரம்' என்று அச்சிடுங்கள்.