மருத்துவத்தின் நான்காம் கூறு

நோயாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வான் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். முதல் மூன்றின் பெருமையை யாவரும் அறிவோம். நான்காமவனாகிய உழைச்செல்வானையோ, மருந்து வாங்கி வருபவனாகவும் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவனாகவும் மட்டுமே கருதிவிட்டோம். உடற்பிணியோடு உள்ளப்பிணியும் உடன்தோன்றும் மார்பகப் புற்றுநோயில் அக்கருத்துப் போதாது என்பதே நம் துணிபு.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்டிர் இந்நோய்க்கு ஆளாயினர்; 6,70,000 பேர் மாண்டனர். இந்திய மகளிரிடையே மிகுதியாகக் காணப்பெறும் புற்றுநோயும் இதுவே. காஞ்சி மாநகர்க்குப் புற்றுநோயின் கொடுமை புதிதன்று. இந்நகர் ஈன்ற அறிஞர் அண்ணா அதற்கு இரையாகி 1969 பெப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அரசினர் புற்றுநோய் மருத்துவமனை காரைப்பேட்டையில் உள்ளது. ஆகவே, காஞ்சியார்க்கு மருத்துவம் எட்டாத பொருளன்று. ஆயினும், நம் நாட்டில் பெண்கள் பலர் கட்டி முற்றிய பின்னரே மருத்துவரை நாடுகின்றனர். காரணம் யாது?

பிள்ளையார்பாளையத்துத் தறிக்குடும்பம் ஒன்றை மனத்தில் அமைத்துப் பார்ப்போம். விடியற்காலையில் தார் சுற்ற அமரும் தாய், தன் மார்பில் வலியற்ற சிறு கட்டியொன்றை உணர்கிறாள். காமாட்சியம்மன் சந்நிதியில் சொல்லி அழுகிறாள், கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கைவேலை நிற்கும். முகூர்த்த நாளுக்கு ஒப்புக்கொண்ட சேலை நிற்கும். தாய்க்கு வந்தது மகளுக்கும் வருமென்று ஊரார் பேச, மகளின் திருமணமும் நிற்கும் என்று அஞ்சுகிறாள். வலியில்லாமையையே நலத்தின் அறிகுறியாக எண்ணித் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். திங்கள் பல கழிந்து மருத்துவமனை சென்றாலோ, கணவனும் மைந்தனும் நோயின் பெயரை அவளுக்கு மறைக்கின்றனர். அவள் அறிந்தும் அறியாதவள்போல் இருக்கிறாள். ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி, ஒரே கூரையின்கீழ் அனைவரும் தனித்தனியே அழுகின்றனர்.

இவ்விடத்தில் வேண்டுவது வெற்றுத் தேறுதல் அன்று. “ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும்” என்பது நோயாளியின் வாயை அடைக்குமேயன்றி மனத்தைத் திறக்காது. முதற்கண் அவள் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். பின்னர், அவள் அறிய விரும்பும் அளவிற்கு உண்மையை அன்போடு உரைத்தல் வேண்டும். இந்நோய் தொற்றுவதன்று, பாவத்தின் பயனுமன்று. நூற்றில் ஏறத்தாழ 5 முதல் 10 பேர்க்கே இது பிறவிவழி வந்த மரபுக்கூற்றால் நேர்வது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால், மார்பு முழுவதையும் அகற்றாமல் சிகிச்சை செய்தல் பலர்க்கு இயலும். மருந்தால் உதிர்ந்த கூந்தல் பெரும்பாலும் மீண்டும் வளரும். அறுவைக்குப்பின் சிலர்க்குக் கை வீங்குமாயினும், உரிய பயிற்சியால் அதனைக் கட்டுப்படுத்தலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் உண்டு. இவற்றை உற்ற காலத்தில் ஒருவர் எடுத்துரைத்தால், அத்தாயின் அச்சத்தில் பாதி அகலுமன்றோ?

நிற்க. அவ்வொருவர் யார்? அண்ணா 1968-இல் அறுவை சிகிச்சை பெற்ற நியூயார்க் நகரம் இதற்கு விடை கூறுகிறது. அந்நகரில் 1952-இல் மார்பு அகற்றப்பெற்ற தெரஸ் லாஸர் என்னும் அம்மையார், தம்மைப்போல் துன்புற்ற மகளிரை மருத்துவமனைகளில் தேடிச் சென்று கண்டார். மருத்துவர் சிலர் அதனை விரும்பவில்லை. எனினும் அவர் பின்வாங்கவில்லை. நோயை வென்றவரே நோயுற்றவர்க்குத் துணையாதல் என்னும் அவர்தம் முறை பின்னர்ப் பல நாடுகளிற் பரவிற்று. நம் நாட்டிலும் துயரிற் பிறந்த தொண்டு உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியாலேயே 1954-இல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் தோன்றிற்று. நோயாளரின் உளநலம் பேண அங்கே தனித்துறையும் பின்னர் அமைந்தது.

இத்துணையால் ஆயுள் நீளுமோ என வினவுவார் உளர். குழுவாகக் கூடித் தம் துயரைப் பகிர்ந்துகொண்ட மகளிர் நீண்டநாள் வாழ்ந்தனர் என 1989-இல் அமெரிக்க ஆய்வொன்று கூறிற்று. 2001-இல் வெளிவந்த பெரியதோர் ஆய்வு அதனை உறுதி செய்யவில்லை. ஆனால், அவர்தம் மனத்துயரும் வலியுணர்வும் குறைந்தமையைக் காட்டிற்று. ஆகவே, இது மருந்துக்கு மாற்றன்று. எனினும், வாழும் நாளைத் துயர் குறைந்த நாளாக்குதல் சிறு பயனாமோ?

காஞ்சியின் கோர்வைச் சேலையைத் தனியொருவர் நெய்தல் அரிது. உடலும் கரையும் வேறு நிறமாய் இணைய, மறுகரையின் நாடாவைத் தள்ளத் துணையாள் ஒருவர் அருகே அமர்வார். சேலைக்கு அளிக்கும் துணையை அச்சேலைக்குத் தார் சுற்றும் பெண்ணுக்கு மறுத்தல் அறமாகாது. நோயை வென்ற மகளிர்க்குத் தக்க பயிற்சியளித்து, ஒவ்வொரு புற்றுநோய் மருத்துவமனையிலும் துணைவராக அமர்த்தல் வேண்டும். பிறர் செவிபடாமல் பேச ஓர் அறையும் வேண்டும். மனச்சோர்வு மிக்கவரை உளநல மருத்துவரிடம் அனுப்பும் முறையும் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! மருத்துவம் கூறுதல் உங்கள் கடமையன்று. ஆயினும், இவ்விடுமுறையில் இல்லம் சென்றதும் அன்னையின் அருகமர்ந்து, “உடம்பில் ஏதேனும் மாறுதல் உண்டா அம்மா?” என்று கேட்டல் உங்களால் இயலும். அவர் தயங்கினால் பொறுத்திருங்கள். கூறினால் வெட்கமின்றிக் கேளுங்கள். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். உழைச்செல்வார் ஆவதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. உடனிருக்கும் நெஞ்சம் வேண்டும்.