பெயர் கேட்டுத் திறக்கும் கதவு

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வெளியூர் செல்லுகிறவர்கள் முன்பெல்லாம் எந்த ஹோட்டலில் இறங்கலாம் என்று விசாரிப்பார்கள். இப்பொழுது எந்த வீட்டில் இறங்கலாம் என்று விசாரிக்கிறார்கள். முழு வீட்டையோ, வீட்டின் ஒரு பகுதியையோ இரண்டு மூன்று தினங்களுக்கு இணையத்தின் மூலம் வாடகைக்குப் பேசி அமர்த்திக்கொள்ளும் வழக்கம் உதகமண்டலம், கொடைக்கானல், புதுச்சேரி முதலிய ஊர்களில் வேரூன்றிவிட்டது. இதனால் பிரயாணிகளுக்கு ஏற்படும் அனுகூலங்களை நாம் மறுக்கப் போவதில்லை. நாமே அவற்றை அனுபவித்திருக்கிறோம். ஆனால் இந்த வழக்கத்தின் மறைவில் ஓர் அநீதி வளர்ந்து வருகிறது. அதைப் பற்றி நேயர்களிடம் ஒளிவு மறைவின்றிப் பேச வேண்டியது நமது கடமையாகிறது.

அனுகூலங்களை முதலில் சொல்லிவிடுவோம். எட்டுப் பேர் கொண்ட குடும்பம் ஹோட்டலுக்குச் சென்றால் மூன்று அறைகளில் பிரிந்து கிடக்க வேண்டும். வீட்டிலோ எல்லோரும் ஒரே கூடத்தில் அமர்ந்து பேசலாம். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சவும், நீரிழிவு உள்ள பெரியவர்களுக்குப் பத்தியமாகச் சமைக்கவும் அடுப்பங்கரை உண்டு. துணி உலர்த்த மாடி உண்டு. செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுப் பார்த்தால் பல சமயங்களில் சிக்கனமும் உண்டு. மத்தியதர வகுப்பினருக்கு இவையெல்லாம் சொற்பமான சௌகரியங்கள் அல்ல.

குறைகளும் இல்லாமலில்லை. விளம்பரத்தில் ஒரு தொகை; பணம் செலுத்தும் வேளையில் சுத்தம் செய்யும் கட்டணம், சேவைக் கட்டணம், வரி என்று சேர்ந்து வேறொரு தொகை. படத்தில் மலைச் சரிவு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். முன்பணம் கட்டிய பிறகு கடைசி நாளில் ரத்து. நள்ளிரவில் சாவி கிடைக்காமல் பெண்டு பிள்ளைகளோடு தெருவில் நின்றவர்களும் உண்டு. இந்தக் குறைகளுக்குப் பரிகாரம் தேடும் முயற்சி உலகில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. விருந்தினர் தங்கும் வீட்டினுள்ளே காமிரா வைக்கக் கூடாது என்று இத்தொழிலில் பெரிய கம்பெனியாகிய ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் உலகெங்கும் விதி செய்தது. கட்டணங்களையெல்லாம் சேர்த்து மொத்தத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2025 மே மாதம் அமலுக்கு வந்தது. பணத்தைப் பற்றிய குறைகள் இப்படிச் சிறிது சிறிதாகத் தீர்ந்துவிடும் என்று நம்பலாம்.

பணத்தால் தீராத குறை ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு நாம் குடும்பத்தோடு மலைநாட்டு ஊர் ஒன்றிலே இத்தகைய வீட்டில் நான்கு நாட்கள் தங்கினோம். வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் வசிப்பவர். மிகவும் மரியாதையுள்ள மனிதர். முதல் நாள் காலையில் தம் வீட்டிலிருந்து சுடச்சுட இட்லி அனுப்பி உபசரித்தார். ஊர் திரும்பியதும் நாம் அவரை வானளாவப் புகழ்ந்து எழுதி, ஐந்து நட்சத்திரமும் கொடுத்தோம். இந்த ஆண்டு, நம்மோடு இருபது வருஷமாக ஒரே நீதிமன்றத்தில் வக்கீல் தொழில் செய்து வரும் முஸ்லிம் நண்பர் ஒருவருக்கு அதே வீட்டைச் சிபாரிசு செய்தோம். அவர் தம் பெயரில் விண்ணப்பித்தார். அந்தத் தேதிகளில் வீடு காலியில்லை என்று பதில் வந்தது. நமக்கு ஆச்சரியம். அதே தேதிகளுக்கு நம் பெயரில் விண்ணப்பித்துப் பார்த்தோம். பத்து நிமிஷத்தில், "தாராளமாக வாருங்கள்" என்று சம்மதம் வந்துவிட்டது.

அந்தச் சம்மதத்தை நாம் உடனே ரத்து செய்தோம். நண்பர் சிரித்துக்கொண்டே, "இது எனக்குப் புதிதல்ல, உங்களுக்குத்தான் புதிது" என்றார். அந்தச் சிரிப்பு நம்மைச் சுட்டது. சென்ற ஆண்டு நாம் உண்ட இட்லி நம் குணத்தைப் பார்த்து வந்ததல்ல, நம் பெயரைப் பார்த்து வந்தது என்று அப்பொழுதுதான் தெரிந்தது. நாம் எழுதிய புகழுரை, விவரம் அறியாமல் எழுதிய பொய்ச்சாட்சியாக இன்னும் அந்தத் தளத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

தேச சரித்திரம் அறிந்தவர்களுக்கு இந்தச் சம்பவம் வேறொன்றை நினைவூட்டும். 1893-ஆம் ஆண்டில் காந்தியடிகள் பாரிஸ்டராகத் தென்னாப்பிரிக்கா சென்றார். ரயில் வண்டியிலிருந்து அவரை வெளியே தள்ளியதை எல்லோரும் அறிவர். அதற்குச் சில தினங்களுக்குப் பின் ஜோஹன்னஸ்பர்க் நகரில் நடந்ததை அவ்வளவு பேர் நினைவில் வைத்திருப்பதில்லை. அங்கே பெரிய ஹோட்டல் ஒன்றிற்குச் சென்று அறை கேட்டார். மானேஜர் அவரை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாக, இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்று சொல்லி விடை கொடுத்துவிட்டார். அடிகள் தம் சுயசரிதையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். ஹோட்டலில் இடம் கிடைக்கும் என்று எப்படி எதிர்பார்த்தீர்கள் என்று அங்கிருந்த இந்திய வர்த்தகர் ஒருவர் கேட்டுச் சிரித்தாராம். நம் நண்பரின் சிரிப்பும் அதே சிரிப்புத்தான். வருஷம் நூற்று முப்பதுக்கு மேல் ஆகிவிட்டது. "இடமில்லை" என்ற மரியாதையான பொய் மட்டும் மாறவில்லை. அன்று அந்நியன் நமக்குச் சொன்னான். இன்று நாமே நம்மவருக்குச் சொல்லுகிறோம்.

முன்பு இத்தகைய பேதத்திற்குப் பலகை இருந்தது. தென்னிந்திய ரயில் நிலையங்களின் போஜன சாலைகளில் பிராமணர்க்கென்று தனியிடம் ஒதுக்கும் வழக்கம், கிளர்ச்சிக்குப் பின் 1941-ல் ஒழிந்தது. கண்ணுக்குத் தெரிந்த பலகையாதலால் அதைக் கழற்றிவிட முடிந்தது. இன்றைய மறுப்புக்குப் பலகை இல்லை. பெயரும் படமும் வீட்டுக்காரரின் கைப்பேசிக்குப் போகின்றன; அவர் விரலால் ஒரு தரம் தொட்டு மறுக்கிறார். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் தெரிவதில்லை. பக்கத்திலிருப்பவருக்கு மறுப்பே தெரிவதில்லை.

இது ஒருவருடைய மனப்பிராந்தி என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் ஐந்து நகரங்களில் சுமார் 6,400 ஏர்பிஎன்பி வீடுகளுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பரீக்ஷித்தார்கள். விண்ணப்பத்தின் வாசகம் ஒன்றே. பெயர் மட்டும் வேறு. வெள்ளையருக்கு வழங்கும் பெயர்களுக்குச் சுமார் 50 சதவீதம் சம்மதம் கிடைத்தது; கறுப்பருக்கு வழங்கும் பெயர்களுக்குச் சுமார் 42 சதவீதந்தான் கிடைத்தது. கண்டனம் எழுந்த பிறகு, சம்மதம் கொடுக்கும் வரையில் விருந்தினர் படத்தை வீட்டுக்காரருக்குக் காட்டுவதில்லை என்று அந்தக் கம்பெனி 2018-ல் ஏற்பாடு செய்தது. படம் மறைந்தால் மட்டும் போதுமா? நம் நாட்டில் ஒருவருடைய மதத்தையும், பல சமயங்களில் ஜாதியையும், பெயரே சொல்லிவிடுகிறதே!

சட்டம் என்ன சொல்லுகிறது? 1950 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கும் நமது அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்து, மதம், இனம், ஜாதி, பால், பிறப்பிடம் என்ற காரணங்களை மட்டும் கொண்டு எந்தப் பிரஜைக்கும் கடைகளிலும், பொதுப் போஜன சாலைகளிலும், ஹோட்டல்களிலும் பிரவேசம் மறுக்கக் கூடாது என்று விதிக்கிறது. வாடகை வீடு ஹோட்டல் ஆகுமா என்று கேட்கலாம். தீண்டாமையைத் தண்டிப்பதற்காக 1955-ல் இயற்றப்பட்டு, இன்று குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என வழங்கும் சட்டம், ஹோட்டல் என்ற சொல்லில் தங்கும் விடுதியையும் காப்பிக் கடையையும் சேர்த்தே பொருள் கொள்ளுகிறது. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர், "கடை" என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் கொள்ள வேண்டும், நிபந்தனைகளை ஏற்பவருக்கு ஊழியம் அளிக்கும் தொழில்கள் யாவும் அதில் அடங்கும் என்று விளக்கினார். சுப்ரீம் கோர்ட்டும் 2011-ல் ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில் இந்த விரிந்த பொருளையே கைக்கொண்டது. ஆகவே பகிரங்கமாக விளம்பரம் செய்து, விலை குறித்து, வருகிறவர்க்கெல்லாம் வாடகைக்கு விடும் வீடு இந்த ஷரத்துக்கு உட்பட்டதே என்பது நமது திடமான அபிப்பிராயம்.

"என் வீடு என் வீடுதான், யாரை உள்ளே விடுவது என்பது என் இஷ்டம்" என்று ஆட்சேபம் கூறுவார்கள். இந்த ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. அமெரிக்காவின் 1964-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. உரிமையாளர் தாமே குடியிருந்து, ஐந்துக்கு மேற்படாத அறைகளை வாடகைக்கு விடும் கட்டிடத்திற்கு அது விலக்களித்தது. மற்ற விடுதிகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தியது. 216 அறைகள் கொண்ட அட்லாண்டா விடுதி ஒன்று இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்காடி அதே வருஷத்தில் தோற்றது. விதவைத் தாய் ஒருத்தி தன் கூடத்துக்கு அடுத்த அறையை விடுவதற்கும், வாடகை வியாபாரத்துக்கென்றே வாங்கிய வீட்டை விடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

ஏர்பிஎன்பியின் கதையும் 2007-ல் சான்பிரான்ஸிஸ்கோ நகரில் இரண்டு வாலிபர்கள் தாங்கள் குடியிருந்த இடத்தில் காற்று மெத்தை விரித்து மூன்று பேரைத் தங்க வைத்ததில்தான் தொடங்கிற்று. அது மெய்யாகவே வீடு. இன்று வாடகைக்கு வரும் வீடுகள் பலவற்றில் குடியிருப்பவர் எவருமில்லை. சாவி பெட்டியில் இருக்கிறது. சம்பள ஆள் வந்து பெருக்கிவிட்டுப் போகிறான். அது குடும்பம் நடக்கும் இடமல்ல, தொழில் நடக்கும் இடம். உலகத்து நகரங்களும் அப்படியே கருதத் தொடங்கிவிட்டன. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விடுகிறவர் பதிவு செய்துகொள்ள வேண்டும், விருந்தினரோடு தாமும் தங்கியிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஜப்பான் 2018 முதல் வருஷத்திற்கு 180 நாட்களே விடலாம் என்று வரம்பு கட்டியது. வாடகை ஏறி உள்ளூர் ஏழைகள் குடியிருக்க இடமின்றித் தவிப்பதைக் கண்ட பார்ஸிலோனா நகரசபை, சுற்றுலா வீடுகளுக்குரிய 10,101 அனுமதிகளை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிப்பதில்லை என்று 2024-ல் அறிவித்தது.

மாமிசம் சமைக்கக் கூடாது, மது அருந்தக் கூடாது, இரவு பத்து மணிக்கு மேல் கூச்சல் கூடாது என்று வீட்டுக்காரர் விதிக்கலாம். அவை நடத்தையைப் பற்றியவை, எல்லோருக்கும் பொதுவானவை. ஒப்புக்கொள்ளுகிறவர் வரட்டும், மறுக்கிறவர் வேறிடம் தேடட்டும். ஆனால் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை அவருடைய தகப்பனார் வைத்த பெயரைக் கொண்டு தீர்மானிக்க எவருக்கும் நியாயம் கிடையாது.

சர்க்கார் செய்ய வேண்டியவை மூன்று. உரிமையாளர் குடியிராத வாடகை வீடுகளையெல்லாம் விடுதிகளாகப் பதிவு செய்ய வேண்டும். பணம் செலுத்தி ஒப்பந்தம் முடியும் வரையில் விருந்தினரின் பெயரும் படமும் வீட்டுக்காரருக்குத் தெரியாதபடி செய்யுமாறு கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். போலீஸ் பதிவுக்கு வேண்டிய விவரங்களை அதன் பிறகு பெற்றுக்கொள்ளத் தடையில்லை. மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கொடுக்கச் செய்து, காலியில்லை என்று சொன்ன தேதியில் மற்றொருவருக்கு வீட்டைக் கொடுத்தவரின் பதிவை ரத்து செய்ய வேண்டும்.

சர்க்கார் செய்யும் வரையில் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. கதவு எளிதில் திறக்கும் பெயரை உடையவர்களுக்கே இதில் பொறுப்பு அதிகம். நண்பருக்கு மறுக்கப்பட்ட வீட்டில் நாம் தங்கலாகாது. தங்கிவிட்டு வந்து புகழ்ந்து எழுதுமுன், இந்த உபசாரம் எல்லோருக்கும் கிடைக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும். நாம் சென்ற ஆண்டு அப்படி விசாரிக்கவில்லை. அந்தப் புகழுரையை நீக்கும்படி தளத்திற்கு எழுதியிருக்கிறோம், காரணத்தையும் தெரிவித்திருக்கிறோம். விடுமுறைக்கு நம் குடும்பமும் நண்பரின் குடும்பமும் சேர்ந்தே புறப்படுகிறோம். இம்முறை அவர் பெயரில்தான் விண்ணப்பம் போகிறது. அந்தப் பெயருக்குத் திறக்கும் கதவு எதுவோ, அங்கேதான் நமக்கும் ஜாகை.